அளத்து அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

வீட்டுக்கு வந்து இன்றோடு மூன்று நாள். விரல்கள் இன்னும் சொன்னபடி கேட்பதில்லை. ஒரு வரி எழுதுகிறேன், கையைக் கீழே வைக்கிறேன், மறு வரி எழுதுகிறேன். உடம்பு தேறிய பிறகு எழுதலாமே என்கிறாள் மகள். அதுவரை என்னால் பொறுக்க முடியாது. உப்பளத்து வரப்பில் படம் வரைந்துகொண்டிருந்த எனக்கு அன்று நடந்தது உங்களுக்குத் தெரியும். தெரிந்ததால்தானே ஓடி வந்தீர்கள்.

நம் குமரி மாவட்டத்துப் புத்தளத்திலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரை என் தலையை மடியில் தாங்கி வந்த மணக்குடித் தம்பிகள் இருவருக்கும், ரத்தம் கொடுத்த ஆறு பேருக்கும் (நான்கு பேரின் முகம்கூட எனக்குத் தெரியாது), இரவு முறை பார்த்த நர்ஸ் அம்மாவுக்கும், பதினோரு நாளும் கஞ்சியும் பயறும் கொடுத்தனுப்பிய பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும், என் ஓவியக் கண்காட்சியைத் தள்ளி வைத்துவிட்டு அதைப் பற்றி என்னிடம் மூச்சுகூட விடாத நண்பர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை வகுப்பைத் தாங்களே நடத்திக்கொண்ட என் மாணவப் பிள்ளைகளுக்கும் கை கூப்புகிறேன். ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வருவேன். இந்த மடலில் அதிக இடம் வேறொருவருக்கு வேண்டியிருக்கிறது. நீங்கள் வருத்தப்பட மாட்டீர்கள் என்று தெரியும்.

அந்த அக்கா அளத்தில் உப்பு வாருகிறவர். பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஆறு வருடமாக அந்த வரப்பில் நின்று வரைகிறேன். காயல் நீர் முதல் பாத்தியில் சாம்பல் பச்சையாகக் கிடக்கும். பாத்திக்குப் பாத்தி உப்பு ஏற ஏற, அந்த உப்பிலேயே வாழும் நுண்ணுயிர்களால் தண்ணீர் இளஞ்சிவப்பாகத் திரும்பும். மேகம் ஒன்று கடந்தால் அத்தனையும் மாறிவிடும். அங்கே நின்று நான் வரைவதில் பாத்தியும் இருக்காது, உப்புக் குவியலும் இருக்காது. மருந்துவாழ் மலை எங்கே என்று தேடுகிறவர்களுக்கு அதுவும் கிடைக்காது. நாள் முழுக்க வெயிலில் நின்றவன் கண்ணில் மிஞ்சிய நிறங்கள்தாம் இருக்கும். அரூப ஓவியம் என்கிறார்கள். எனக்கு அது நிலக்காட்சிதான்.

அன்று என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது யாருக்கும் படம் நினைவில்லை, நினைத்திருக்கவும் கூடாது. நான்கடிக்கு மூன்றடி கேன்வாஸ், கத்தியால் தடிமனாகப் பூசிய எண்ணெய் வண்ணம், வரப்பு ஓரத்தில், படத்தை நிறுத்தி வரையும் தாங்கியோடு அப்படியே நின்றது. ஐப்பசி மழை அன்று சாயங்காலமே இறங்கிவிட்டது. கண் விழித்த பிறகு எனக்கு முதலில் வந்த நினைவு அதுதான். போயிற்று என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை. உயிர் பிழைத்தவன் படத்தைப் பற்றிக் கேட்பது அழகில்லை என்று தோன்றியது.

பன்னிரண்டாம் நாள், வீடு திரும்பும் வழியில், பொருள்களை எடுக்க மகள் அளத்தில் வண்டியை நிறுத்தினாள். வரப்பில் ஒரு சின்னக் கூரை நின்றது.

நான்கு பூவரசங்கம்புகளை நட்டு, குறுக்கே தென்னங்கயிறு இழுத்துக் கட்டி, உப்புக் குவியலுக்கு மூடுவது போலவே பனை ஓலை வேய்ந்திருந்தது. சாரல் அடிக்கும் வடகிழக்குப் பக்கம் ஓலை தரை வரைக்கும் சரிந்திருந்தது. எதிர்ப்பக்கம் திறந்திருந்தது. ஓலைக்கும் படத்துக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. குனிந்து பார்த்தேன். படம் நான் விட்ட இடத்திலேயே இருந்தது.

பிளாஸ்டிக் தாள் கொண்டு சுற்றியிருந்தால் அது பாழாகியிருக்கும். எண்ணெய் வண்ணம் தண்ணீர் ஆவியாவது போலக் காய்வதில்லை. ஆளி விதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்துத்தான் இறுகும். தடிமனாகப் பூசினால் வாரக்கணக்கில் ஆகும். இதெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டது. அக்காவிடம் கேட்டபோது, தாளைப் போட்டு இறுக்கினால் உள்ளே வியர்த்துவிடும், காற்றுப் போக வழி வேண்டும், காயாததைத் தொடக் கூடாது என்று மட்டும் சொன்னார். படம் என்னவென்று தமக்கு விளங்கவில்லை என்றும் கூச்சமில்லாமல் சொன்னார். விளங்கியதாகச் சொல்லிக்கொண்டே ஈர வண்ணத்தில் விரலை வைத்துப் பார்த்தவர்கள் எனக்கு எத்தனையோ பேர். இவர் பக்கத்தில் கம்பு நடும்போதுகூட ஒரு மண் தெறிப்பு விழாமல் பார்த்திருக்கிறார்.

நான் திறந்து போட்டிருந்த வண்ணக் குழாய்களையும் பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் மூடி போட்டுப் பெட்டியில் அடுக்கியிருந்தார். நீலத்தின் மூடி மஞ்சளுக்குப் போயிருந்தது, வெள்ளையின் மூடி காவிக்கு. ஆனால் ஒன்றும் காய்ந்து போகவில்லை. வண்ணத்தைப் பட்டறையை விட்டு வெளியே கொண்டுபோக வழி செய்தவர் ஜான் ராண்ட் என்ற ஓவியர். 1841-இல் வெள்ளீயக் குழாய்க்குக் காப்புரிமை வாங்கினார். வகுப்பில் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வருடமும் இதைச் சொல்வேன். இனி அந்தக் கதையோடு பனை ஓலையையும் சேர்த்துச் சொல்வேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கண்காட்சி தள்ளிப் போனதும், கைக்கு என்ன ஆகுமோ என்ற பயமும் சேர்ந்து, இனி வீட்டுக்குள் உட்கார்ந்தே வரைந்துகொள்ளலாம் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் முடிவு செய்திருந்தேன். அந்தக் கூரையின் முன்னால் அந்த முடிவு நிற்கவில்லை. நான் வராமலே போயிருந்தால்? அப்போதும் அந்த ஓலை அங்கேயே இருந்திருக்கும்.

ஓவியத்தின் மேல் ஓரத்தில் இரண்டு இடத்தில் ஓலை நுனி உரசி, விரல் நீளத்துக்குக் கீறல் விழுந்திருக்கிறது. அதில் உப்புத் தூளும் ஒட்டியிருக்கிறது. திருத்த மாட்டேன். அந்தப் படத்தை விற்கவும் மாட்டேன்.

அக்கா, மூடி முடித்த குவியலிலிருந்துதான் அந்த ஓலைகளை உருவினீர்கள் என்று பிறகு தெரிந்தது. முதலாளியிடம் அதற்காகப் பேச்சும் வாங்கியிருக்கிறீர்கள். ஆனியிலும் ஐப்பசியிலும் இரண்டு மழையைத் தாங்கும் ஊரில் ஒரு கட்டு ஓலையின் விலை எனக்குத் தெரியும். வெளியே நடமாட டாக்டர் தை மாதம் வரை தடை போட்டிருக்கிறார். தை பிறந்ததும் சாமிதோப்புப் பக்கம் சொல்லி வைத்து, நல்ல ஓலையாக இரண்டு கட்டு வாங்கிக்கொண்டு வருகிறேன். இறக்கி வைத்துவிட்டுத்தான் தாங்கியை ஊன்றுவேன்.