வெஸ்ற் ஹாம் இயக்குநர் சபைக்கு: வாங்குகிற வேலையிலிருந்து கையெடுங்கள்

ஒக்டோபர் 2025

கழகத்தின் பெரும் பங்குதாரர் மதிப்பிற்குரிய திரு. டேவிட் சலிவன் அவர்களுக்கும் வெஸ்ற் ஹாம் யுனைற்றெட் உதைபந்தாட்டக் கழக இயக்குநர் சபையினருக்கும்,

வணக்கம்.

ஒக்டோபர் 20, திங்கட்கிழமை இரவு பிரென்ற்ஃபோர்ட் கழகத்தோடு நடந்த ஆட்டத்தை நான் உங்களுக்கு விவரிக்கத் தேவையில்லை. இயக்குநர்கள் இருக்கிற பகுதியிலிருந்து பார்த்தால் வெறும் இருக்கைகள் இன்னும் துப்புரவாகத் தெரிந்திருக்கும். ரசிகர் அமைப்பு ஆட்டத்தைப் புறக்கணிக்கச் சொன்னது, ஆயிரக்கணக்கானோர் வரவில்லை. சீசன் ரிக்கெற்றுக்கு முழுக் காசையும் கட்டிவிட்டு வீட்டில் இருந்தவர்களில் நானும் ஒருவன். காசு கொடுத்த சாப்பாட்டைத் தொடாமல் எழும்புகிற பழக்கம் எங்கள் சனத்துக்குக் கிடையாது. அப்படிப்பட்டவன் எழும்பிப் போகிறான் என்றால் சமையற்கட்டை ஒருக்கால் எட்டிப் பார்க்க வேண்டாமா?

இந்தப் பருவத்தில் சொந்த மைதானத்தில் நான்கு லீக் ஆட்டம். செல்சியிடம் 1-5, ரொட்டன்ஹாமிடம் 0-3, கிறிஸ்ரல் பலஸிடம் 1-2, இப்போது பிரென்ற்ஃபோர்டிடம் 0-2. எட்டு ஆட்டத்தில் 4 புள்ளி. 20 கழகங்களில் 19ஆம் இடம். பயிற்றுநரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. 2024 கோடையில் மொயிஸ் போனார், லொப்பெற்றேகி வந்தார். 2025 ஜனவரியில் அவரை அனுப்பிப் பொட்டரைக் கொண்டுவந்தீர்கள். செப்டெம்பர் 27இல் பொட்டரை அனுப்பி அன்றைக்கே நூனோவைக் கொண்டுவந்தீர்கள். ஒன்றரை வருசத்துக்குள் அந்தக் கதிரையில் நான்கு பேர். கதிரையில்தான் பிழை என்றால் இதற்குள் ஒருவராவது நிமிர்ந்து இருந்திருப்பார்.

நான் கேட்பது ஒன்றைத்தான். ஆட்டக்காரரை வாங்குகிற, விற்கிற வேலையை, அந்த வேலை தெரிந்த ஒருவரிடம் முழு அதிகாரத்தோடு ஒப்படைத்துவிட்டு நீங்கள் கையெடுங்கள்.

திங்கட்கிழமை முதல் கோலை அடித்தவர் இகோர் தியாகோ. 43ஆவது நிமிடம். அந்தப் பெயரில்தான் என் முழு முறைப்பாடும் இருக்கிறது. 2024 கோடையில் பிரென்ற்ஃபோர்ட் அவரைப் பெல்ஜியத்தின் கிளப் பிரூஜ்ஜிலிருந்து ஏறத்தாழ 30 மில்லியன் பவுணுக்கு எடுத்தது. பேச்சு முடிந்தபோது அவருக்கு வயது 22. அதே கோடையில் நீங்களும் ஒரு முன்கள ஆட்டக்காரரைத் தேடினீர்கள். ஏறக்குறைய அதே விலைக்கு நிக்லாஸ் ஃபுல்க்றுக் வந்தார். அவருக்கு வயது 31. தியாகோ முதல் பருவத்தில் முழங்கால் காயத்தால் பெரும்பாலும் வெளியே இருந்தார், பிரென்ற்ஃபோர்ட் பொறுத்திருந்தது. ஃபுல்க்றுக்கும் காயத்தால் வெளியே இருந்தார். முதல் பருவத்தில் லீக்கில் அடித்தது 3 கோல். 22 வயதுக்காரனுக்காகக் காத்திருந்தால் 24 வயதில் பலன் வரும். 31 வயதுக்காரனுக்காகக் காத்திருந்தால் 33 வயதுதான் வரும். அதற்கும் அவசரப்பட்டு, இந்தக் கோடையில் 33 வயதுக் கலம் வில்சனை நேராகவே கூட்டிவந்துவிட்டீர்கள். வில்சன் நல்ல ஆட்டக்காரர். அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. முழுச் சுமையையும் அவருடைய தோளில் ஏற்றுகிறவர்கள்மேல்தான் கோபம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இதே கோடையில் பிரென்ற்ஃபோர்டிடமிருந்து பயிற்றுநர் தோமஸ் ஃபிராங்கை ரொட்டன்ஹாம் எடுத்தது. கடந்த பருவம் லீக்கில் 20 கோல் அடித்த எம்பெமோவை மான்செஸ்ரர் யுனைற்றெட் எடுத்தது. 19 அடித்த விஸ்ஸாவை நியூகாசில் எடுத்தது. அணித்தலைவர் நோர்கார்ட் ஆர்சனலுக்குப் போனார். சுமார் 17,000 பேர் கொள்கிற மைதானம் வைத்திருக்கிற ஒரு சின்னக் கழகம் இவ்வளவையும் இழந்துவிட்டு, செற் பீஸ் (கோர்னர், ஃப்ரீ கிக் போன்றவை) பயிற்றுநராக இருந்தவரைத் தலைமைப் பயிற்றுநராக உயர்த்தி, 62,500 பேர் கொள்கிற உங்கள் மைதானத்துக்கு வந்து 2-0 என்று முடித்துவிட்டுப் போகிறது. அவர்களிடம் இருப்பது மந்திரம் இல்லை. யாரை வாங்குவது என்று முடிவெடுக்கிற ஆட்களிடம் அந்த முடிவை விட்டுவைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஃபுல்க்றுக்கோடு இது தொடங்கவும் இல்லை. 2019இல் 45 மில்லியன் கொடுத்து முன்களக்காரர் செபஸ்ரியன் ஹலேரை எடுத்தீர்கள். ஒன்றரை வருசத்தில் பாதி விலைக்கும் குறைவாக நெதர்லாந்தின் ஆயாக்ஸுக்குக் கொடுத்தீர்கள். அங்கே போய் அடுத்த பருவம் சாம்பியன்ஸ் லீக் குழு நிலையில் 6 ஆட்டத்தில் 10 கோல் அடித்தார். அதே கால்கள்தான். 2022இல் இன்னொரு முன்களக்காரர் ஸ்கமாக்கா வந்தார், ஒரு வருசத்தில் இத்தாலிக்கே திரும்பினார். இந்தக் காலம் முழுக்க எங்களுக்காகக் கோல் அடித்துக்கொண்டிருந்தது யார்? மிக்கேல் அன்ரோனியோ. 2015இல் நொற்றிங்ஹாம் ஃபொரஸ்ற்றிலிருந்து ஓர ஆட்டக்காரராக வந்தவர். இடையில் அவரைப் பின்களத்தில்கூட நிறுத்தினீர்கள். பிறகு முன்னுக்கு ஆள் இல்லாத குறைக்கு அங்கே விட்டீர்கள். இரண்டு பின்களக்காரரை முதுகில் சுமந்துகொண்டு பந்தைப் பிடித்து வைத்திருப்பார், மற்றவர்கள் வந்து சேரும்வரை. பிரீமியர் லீக்கில் 68 கோல், வெஸ்ற் ஹாமுக்காக வேறு யாரும் அவ்வளவு அடித்ததில்லை. 2021இல் எங்கள் பழைய ஆட்டக்காரர் டி கானியோவின் 47 கோலைத் தாண்டிய இரவு, தன்னுடைய அட்டைப் படத்தையே தூக்கிக்கொண்டு ஆடினாரே, நினைவிருக்கிறதா? காசு கொட்டி வாங்கிய முன்களக்காரர் எல்லாம் தோற்க, முன்களக்காரரே அல்லாத ஒருவர் தாங்கிப் பிடித்தார். அந்த அதிட்டத்தை நீங்கள் திட்டம் என்று நினைத்துவிட்டீர்கள்.

ஜரட் போவன் 2020 ஜனவரியில் ஹல் சிற்றியிலிருந்து வந்தவர். அவரும் அன்ரோனியோ மாதிரி இரண்டாம் பிரிவிலிருந்து வந்தவர்தான். 2023 யூன் 7 இரவு பிராக் நகரில் ஃபியோரென்ரினாவுக்கு எதிராகக் கடைசி நிமிடத்தில் கோல் அடித்து, 43 வருசத்துக்குப் பிறகு எங்களுக்கு ஒரு கிண்ணம் வாங்கித் தந்தவரும் அவர்தான். ஆறுதலாகத் தேடி எடுத்தால் இந்தக் கழகத்துக்கும் நல்ல ஆட்கள் கிடைக்கிறார்கள். அந்தக் கிண்ணத்துக்கு ஒரு மாதம் கழித்து டெக்லன் றைஸ் 105 மில்லியனுக்கு ஆர்சனலுக்குப் போனார். போகட்டும், அவர் விரும்பியது. விலையும் நல்ல விலை. அவ்வளவு காசு கையில் வந்த கழகம் இரண்டு வருசத்தில் 19ஆம் இடத்தில் நிற்கிறது. இந்தக் கோடையில் கூடுஸையும் விற்றாயிற்று, அதுவும் ரொட்டன்ஹாமுக்கு. செப்டெம்பர் 13இல் அவர்களுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு எங்கள் மைதானத்துக்கே வந்தார்.

2023இல் ரிம் ஸ்ரைட்டனைத் தொழில்நுட்பப் பணிப்பாளராக வைத்தீர்கள், இந்த வருசம் பெப்ரவரியில் அவரும் போனார். பதவி இருந்தது. கடைசிச் சொல் அவரிடம் இருந்ததா? பயிற்றுநருக்கு ஒரு விருப்பம், பணிப்பாளருக்கு இன்னொரு விருப்பம், உரிமையாளருக்கு மூன்றாவது விருப்பம் என்று வாங்கினால் வருவது அணியல்ல, சந்தைக் கூட்டம். அதனால்தான் திரும்பவும் கேட்கிறேன்: ஒரு ஆள், முழு அதிகாரம், நீங்கள் வெளியே.

மைதானத்தைப் பற்றிப் பேசுவதில்லை என்றுதான் தொடங்கினேன். முடியவில்லை. 2016 மே 10, எங்கள் பழைய மைதானமான அப்ரன் பார்க்கில் கடைசி ஆட்டம், மான்செஸ்ரர் யுனைற்றெட்டை 3-2 என்று வென்றோம். 1904இலிருந்து இருந்த இடத்தை விட்டுப் போகிறோம், உலகத்தரமான மைதானத்துக்கு உலகத்தரமான அணி வரும் என்றீர்கள். ஸ்ரட்ஃபோர்ட்டில் கிடைத்தது ஓட்டப் பந்தயத்துக்குக் கட்டிய மைதானம். அப்ரன் பார்க்கில் முன்வரிசையில் இருப்பவர் கையை நீட்டினால் த்ரோ எறிய வந்தவரின் சட்டை கையில் படும். இங்கே கோலுக்குப் பின்னால் மேலே இருப்பவருக்கு எதிர்க் கோலடியில் நடப்பது திரையைப் பார்த்தால்தான் விளங்கும். ஓடுபாதையை மூடி விரிப்பு ஒன்று போட்டிருக்கிறார்கள். அந்த விரிப்பு பச்சையா, கழகத்தின் நிறமான கருஞ்சிவப்பா என்று மைதானக்காரரோடு நீங்கள் மல்லுக்கட்டிய காலமும் ஒன்று இருந்தது. அந்த மும்முரத்தில் பாதியை ஒரு முன்களக்காரரைத் தேடுவதில் காட்டியிருக்கலாம்.

99 வருசக் குத்தகை, தொடக்கத்தில் பேசிய வாடகை வருசத்துக்கு 2.5 மில்லியன். அந்த மைதானத்தை உதைபந்தாட்டத்துக்கு மாற்றிய செலவு பொதுமக்கள் காசு. அதில் எங்கள் நியூஹாம் கவுன்சில் போட்ட 40 மில்லியனும் திரும்பவில்லை. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. இரண்டாம் பிரிவுக்கு இறங்கினால் வாடகை பாதியாகும் என்றும் ஒப்பந்தத்தில் இருக்கிறது. சேமிக்கிற எண்ணம் ஏதும் இருந்தால் தயவுசெய்து முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஈஸ்ற்ஹாம் தமிழருக்கும் இந்தக் கழகத்துக்கும் உறவு எப்போதும் இனிமையாக இருந்ததில்லை. எண்பதுகளில் ஊரைவிட்டு வந்த எங்கள் ஆட்கள் ஆட்ட நாளில் பழைய மைதானம் இருந்த கிறீன் ஸ்ரீற் பக்கம் போகாமல் சுற்றிப் போனார்கள். அந்தக் காலத்து மைதானங்களில் என்ன கத்தினார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். அவர்களுடைய பிள்ளைகள் இன்றைக்கு அதே கருஞ்சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஹை ஸ்ரீற்றில் நடக்கிறார்கள். பார்க்கிங் றோட் சந்தியில் பொபி மூரும் ஹேர்ஸ்ற்றும் பீற்றர்ஸும் உலகக் கிண்ணத்தோடு சிலையாக நிற்கிறார்கள். 1966 இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்தின் நான்கு கோலையும் அடித்தது வெஸ்ற் ஹாம்காரர் என்று எங்கள் பிள்ளைகள் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். பழைய மைதானம் இருந்த இடத்தில் இப்போது மாடிக் குடியிருப்பு. சிலை மட்டும் இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது, அதையாவது விட்டுவைத்தீர்களே, நன்றி.

கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். 2018இல் பேர்ன்லியோடு தோற்ற அன்று ஆட்கள் உங்கள் இருக்கைகளுக்குக் கீழே வந்து நின்று கத்தினார்கள், ஒருவர் மூலைக்கொடியைப் பிடுங்கி மைதானத்தின் நடுவில் நட்டார். அந்த மாதிரி நடப்பதை நான் விரும்புகிறவன் இல்லை. இந்த வருசம் ரசிகர் ஆலோசனைக் குழு எழுத்திலேயே உங்கள்மேல் நம்பிக்கையில்லை என்று தெரிவித்தது. அது மரியாதையான வழி. அதற்குப் பிறகும் அசையவில்லை என்பதால்தான் திங்கட்கிழமை இருக்கைகள் வெறுமையாகக் கிடந்தன. கெடுகுடி சொற்கேளாது என்று எங்களில் சொல்வார்கள். உங்களைப் பற்றி அப்படி நினைக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

ஜனவரி 1இல் ஆட்டக்காரரை வாங்குகிற பருவம் திறக்கிறது. அதற்குமுன் ஒரு பணிப்பாளரை நியமியுங்கள். அவருடைய அதிகாரம் எதுவரை, உங்களுடையது எங்கே முடிகிறது என்பதை எழுத்தில் எல்லோருக்கும் அறிவியுங்கள். முகவர்கள் உங்களுக்கு எடுக்கிற தொலைபேசி அழைப்புகளை அவருக்கே திருப்பிவிடுங்கள். அவர் 21 வயதில் யாரும் கேள்விப்படாத ஒருவரைக் கொண்டுவந்து, அந்தப் பையன் ஒரு வருசம் கோலே அடிக்காமல் விட்டாலும், நாங்கள் பொறுத்திருப்போம். எங்களுக்குப் பொறுக்கத் தெரியும் என்பதற்கு நீங்களே சாட்சி.

நவம்பர் 2இல் நியூகாசில் வருகிறது. அன்றைக்கு நான் என் இருக்கைக்கு வர நினைத்திருக்கிறேன். பக்கத்து இருக்கைக்காரருக்காக என்னால் உத்தரவாதம் தர முடியாது. இதற்கிடையில் இந்த மடலுக்கு ஒரு பதில் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன். தமிழில் எழுதியது உங்களுக்குச் சிரமமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் எழுதியவர்களுக்கும் ஒன்றும் வரவில்லையே என்றுதான் இப்படி எழுதிப் பார்த்தேன்.

இப்படிக்கு,
ஈஸ்ற்ஹாமிலிருந்து ஒரு சீசன் ரிக்கெற்காரன்