கவாகோயே போய்விட்டு வா

அன்புள்ள நித்யா,

ஆடிக்கு அப்புறம் நீ கட்டைவிரல் படம் மட்டும்தான் அனுப்புகிறாய். சரி, வேலை இருக்கும். சனி, ஞாயிறுகூட டோக்கியோவில் அந்த நிஷி கசாய் அறையிலேயே கிடக்கிறாயாம், பெரியம்மா பெண் சொன்னாள்.

அக்டோபர் மூன்றாம் சனிக்கிழமையும் மறுநாளும், டோக்கியோ பக்கத்து ஊரான கவாகோயேயில் தேர்த் திருவிழா. போய்விட்டு வா. யாரோடு என்று நான் கேட்கவில்லை.

தூரத்து ஊரான தகயாமாவின் திருவிழாதான் பெயர் பெற்றது, அதே மாதம் 9, 10 தேதிகளில். ஆனால் தூறல் விழுந்தாலே அங்கே தேர் கொட்டகையை விட்டு வராது. டோக்கியோவிலிருந்து ஒரே நாளில் திரும்ப வேண்டுமென்றால் 9ஆம் தேதி ராத்திரி விளக்கு ஊர்வலமும் கிடைக்காது. கவாகோயே போதும்.

தோசாய் லைனில் ஈதபாஷி வரை போய் யூராக்குச்சோ லைனுக்கு மாறு. எல்லாரும் தவறுவது இங்கேதான். ஒரே மேடையில் வரும் வண்டிகளில் சில, கோதகே முகாய்ஹாரா ஸ்டேஷன் தாண்டியதும் செய்பு கம்பெனிப் பாதையில் பிரிந்துவிடும். முகப்பில் கவாகோயேஷி அல்லது ஷின்ரின் கோயென் என்று இருந்தால் ஏறு. வக்கோஷியோடு நிற்கிற வண்டியானாலும் பாதகமில்லை, அங்கே கவாகோயே போகும் தோபு கம்பெனி வண்டிக்கு மாறிக்கொள்ளலாம். கவாகோயேஷி என்பது கவாகோயேக்கு அடுத்த ஸ்டேஷன். நீ கவாகோயேயிலேயே இறங்கு. ஜப்பானிய எழுத்தை உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, ஜப்பானிய மொழித் தேர்வில் என்2 பாஸ் செய்தவள். இருந்தாலும் முகப்பைப் பார்த்து ஏறு.

பழைய தெருவுக்கு அரை மணி நடை. மதியம் இரண்டுக்குள் போய்விடு, வெளிச்சத்தில் வீடுகளைப் பார்க்க வேண்டும். 1893 தீயில் ஊரில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. தப்பி நின்றவை மண்சுவர்க் கிடங்குகள். அதைப் பார்த்துத்தான் வியாபாரிகள் கடைகளையும் அப்படியே கட்டினார்கள். ஜன்னல் கதவின் ஓரத்தை உற்றுப் பார். படிக்கட்டு மாதிரி வெட்டு வெட்டாக இருக்கும். இரண்டு கதவும் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தினால் புகைகூட நுழையாது. மூன்று மணிக்கு மணிக்கூண்டு அடிக்கும்.

இருட்டியதும்தான் திருவிழா. தேரின் மேலே பொம்மை, கீழே ஐந்து வாத்தியம்: ஒரு குழல், இரண்டு சின்ன மத்தளம், ஒரு பெரியது, ஒரு சேகண்டி. கூடவே முகமூடிக்காரர் ஆடுவார். இரண்டு தேர் சந்தித்தால் மேடையை எதிரெதிரே திருப்பி வாசிப்பார்கள். இழுக்கிறவர்கள் காகித விளக்கைத் தூக்கிக் கத்துவார்கள். எதிராளி தாளம் காதில் மோதும்போது தன் தாளத்தை விடாமல் பிடிப்பதுதான் சாமர்த்தியம். நடுவர் கிடையாது.

முச்சந்தியில் நிற்காதே. தேர் திரும்பும்போது கூட்டம் பின்னுக்கு வரும். கடைச் சுவரை ஒட்டி நில்.

அன்றைக்கு அந்த முச்சந்தியில் நீ கையை உதறிவிட்டு ஓடினாய் என்றுதான் இத்தனை வருஷமாக வீட்டில் சொல்லிவருகிறேன். நாலு வயசுப் பிள்ளைக்கு என்ன நினைவிருக்கும், நீயும் நம்பிவிட்டாய். நீ உதறவில்லை நித்யா. கேமராவுக்கு இரண்டு கை வேண்டியிருந்தது. நான்தான் விட்டேன். அம்மாவுக்கு இன்னும் தெரியாது. ஆடியில் போனில் "அப்போதே சொல்பேச்சு கேட்காதவள்" என்று கத்தினேனே, அதற்கும் அந்தக் கதையைத்தான் இழுத்தேன்.

ராத்திரி குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள். ஒன்பது மணி வாக்கில் வாத்தியம் ஓய்ந்ததும் மொத்தக் கூட்டமும் ஸ்டேஷனுக்கு வரும். எட்டரைக்கே கிளம்பு. திரும்பும்போதும் முகப்பைப் பார். கடைச் சாப்பாட்டில் சாறு என்றால் மீன்தான், ஊதோன் நூடுல்ஸிலும் மீன்தான். சர்க்கரைவள்ளி வைத்த ஆவிப் பன்னும் சோயா தடவிச் சுட்ட மாவுருண்டையும் நீ சாப்பிடலாம். அது வயிற்றுக்குப் போதாது. அம்மா அனுப்பிய புளிக்காய்ச்சலில் சாதம் கிளறிக்கொண்டு போ. அந்த ஊர் அரிசி குழையும், பொன்னியில் செய். ஒருவருக்கு முக்கால் ஆழாக்கு, இரண்டு பேர் என்றால் ஒன்றரை.

அப்பா