ஆயிரத்தொரு கொக்கும் குடும்ப முத்திரையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஹவாயில் வாழும் ஜப்பானிய வம்சாவளியினரின் திருமணங்களைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையோடு ஒரு மணமகளின் படமும் இருந்தது. அதில் ஜப்பானிய மரபு உடையான கிமோனோவின் வலப்பக்கம் இடப்பக்கத்தின் மேல் வந்திருக்கிறது. உயிரோடிருப்பவர்கள், ஆணானாலும் பெண்ணானாலும், தம் இடப்பக்கத்தை மேலே போட்டுத்தான் கட்டுவார்கள். வலப்பக்கம் மேலே வருவது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை. பக்க அமைப்பின்போது படம் இடவலம் மாறியிருக்கலாம். செல்போன் முன்கேமராவில் எடுத்த படத்திலும் இப்படி நேரும். அழைப்பிதழில் படம் போடுபவர்கள் அச்சுக்குக் கொடுக்கும் முன் கழுத்துப் பட்டையைப் பார்த்துவிட வேண்டும்.

அடுத்தது காகிதக் கொக்கு. கட்டுரை ஆயிரம் என்றது. ஹவாயில் கல்யாணத்துக்கு மடிப்பது 1001. கடைசி ஒன்று அதிர்ஷ்டத்துக்கு. அவற்றைத் தோரணமாகத் தொங்கவிடாமல், தங்கநிறத் தாளில் மடித்து, இறக்கையை விரிக்காமல் தட்டையாக வைத்து, குடும்ப முத்திரையின் வடிவில் ஒட்டிச் சட்டம் போடுவார்கள். அந்த முத்திரைக்கு ‘காமோன்’ என்று பெயர்.

பலரும் கொக்குகளை மடித்து முடித்துவிட்டுத்தான் முத்திரையைத் தேடுகிறார்கள். குடும்பப் பெயரை இணையத்தில் தட்டி, முதலில் வரும் சின்னத்தை எடுத்துக்கொள்கிறார்கள். ஒரே குடும்பப் பெயருக்குப் பல முத்திரைகள் உண்டு என்பதால் இது பெரும்பாலும் தவறாகிவிடும். தாத்தா பாட்டியின் கல்லறைக் கல்லிலோ, வீட்டில் பத்திரப்படுத்திய கறுப்பு விசேஷ கிமோனோவிலோ பாருங்கள். முதுகில் ஒன்று, கைகளின் பின்புறம் இரண்டு, மார்பில் இரண்டு என்று ஐந்து இடங்களில் அது இருக்கும். நேராக நின்று படமெடுத்து, இதழ்களை எண்ணுங்கள். பவுலோனியா மரப்பூ முத்திரையில் மூன்று கொத்துகளில் பூக்கள் இடமிருந்து வலமாக 3-5-3 என்று இருந்தால் அது பல குடும்பங்களுக்கு உரியது; 5-7-5 ஜப்பான் அரசு பயன்படுத்தும் சின்னம். சுற்றிலும் வட்டம் இருக்கிறதா, இல்லையா என்பதும் முக்கியம்.

தாள் மூன்று அங்குலச் சதுரம் போதும். வீணாவதற்கும் சேர்த்து 1100 வாங்குங்கள். கை பழகியபின் ஒன்றுக்கு மூன்று நிமிடம் என்றாலும் மொத்தம் ஐம்பது மணி நேரம் ஆகும். நாளைக்குப் பத்து மடித்தால் நூறு நாள். உலோகப் பூச்சுத் தாளில் விழுந்த மடிப்பு போகவே போகாது, அதனால் சாதாரணத் தாளில் பழகிவிட்டுத் தொடங்குங்கள். கழுத்தையும் வாலையும் ஒடுக்கும்போது ஓரங்கள் நடுக்கோட்டைத் தொடக் கூடாது. அரை மில்லிமீட்டர் விட வேண்டும். விடாவிட்டால் அடுத்த மடிப்பில் தாள் திரண்டு நுனி மழுங்கும். நகத்தால் அழுத்தித் தேய்த்தால் பூச்சு உரிந்து வெள்ளை தெரியும். பலர் சேர்ந்து மடிக்கலாம். ஆனால் கழுத்தைத் தூக்கி அலகை வளைக்கும் கடைசி வேலையை ஒருவரே செய்யட்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு கொக்கும் ஒவ்வொரு கோணத்தில் நிற்கும், ஒட்டியபின் முத்திரையின் ஓரம் பிசிறடிக்கும்.

சட்டத்தின் அளவைக் குத்துமதிப்பாகச் சொல்லிச் செய்யக் கொடுக்காதீர்கள். இருபது கொக்குகளை ஓர் அட்டையில் வரிசையாக அடுக்கி, அவை அடைத்துக்கொண்ட இடத்தை அளந்து ஐம்பதால் பெருக்குங்கள். ஓடு வேய்வதுபோல் கீழிருந்து மேலாக ஒட்டினால் ஒன்றின் வாலை அடுத்தது மறைக்கும். தண்ணீர்ப் பசை தாளைச் சுருக்கிவிடும்; சீக்கிரம் உலரும் கெட்டிப் பசையை உடலில் மட்டும் ஒரு பொட்டு வையுங்கள்.

சாக்கே என்னும் அரிசி மதுவை மணமக்கள் அருந்தும் சடங்கையும் கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. சிறியது, நடுத்தரம், பெரியது என மூன்று கிண்ணங்கள். ஒவ்வொன்றையும் மூன்று முறை வாய்க்குக் கொண்டுபோவார்கள். பரவலான முறையில் சிறியதை மணமகனும், நடுக்கிண்ணத்தை மணமகளும், பெரியதை மறுபடி மணமகனும் முதலில் எடுப்பார்கள். முதல் இரண்டு முறை உதட்டில் படவைத்து மூன்றாவதில் குடிப்பது வழக்கம். குடிக்காதவர்கள் மூன்றையும் உதட்டோடு நிறுத்தலாம். கிண்ணம் ஆழமில்லாதது, நிறைய ஊற்றினால் கிமோனோவில் சிந்தும்.

ஜப்பானிலிருந்து உறவினர்கள் வந்தால் மொய்க் கவரையும் கவனியுங்கள். நாம் 101, 501 என்று வைப்பதுபோல அவர்களும் சமமாகப் பிரியாத தொகையையே பார்ப்பார்கள். 30,000 யென் என்றால் மூன்று புது பத்தாயிரம் யென் நோட்டுகள், இரண்டாகப் பிரிக்க முடியாது. கவரைச் சுற்றிய அலங்காரக் கயிற்றில் இருப்பது அவிழாத முடிச்சாக இருக்க வேண்டும். இழுத்தால் அவிழும் பூமுடிச்சு, திரும்பத் திரும்ப நடந்தால் மகிழ்ச்சி தரும் குழந்தைப் பேறு போன்றவற்றுக்கு உரியது, கல்யாணத்துக்கு ஆகாது.

இப்படிக்கு,
காகித மடிப்பு கற்றுத்தரும் வாசகர்கள் இருவர்,
கோயம்புத்தூர்.