தவில் தவிலாகக் கேட்க வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டில் பாட்டுக் கேட்க எந்த செட் வாங்கலாம் என்று நம் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வாட்ஸ் கணக்கு இருந்தது, விலை இருந்தது. எதில் கேட்டால் நேரில் கேட்பது போல இருக்கும் என்பது மட்டும் இல்லை. தெப்பக்குளம் பக்கம் குடியிருக்கும் தவில்காரன் நான், அதனால் சொல்கிறேன்.

தவிலின் வலது பக்கமான வலந்தலையை, கூடு என்கிற விரல் உறை போட்ட விரல்களால் வாசிப்போம். அது வெடுக்கென்று தெறிக்கும். இடது பக்கத்துக்குத் தொப்பி என்று பெயர், அதில் குச்சி விழும். அது கனமாக இறங்கும். இந்த இரண்டும் தனித்தனியாகக் காதில் விழுகிறதா என்றுதான் நான் எந்த செட்டையும் பார்ப்பேன்.

என் மருமகன் 5.1 ஹோம் தியேட்டர் வைத்திருக்கிறார், முன்னும் பின்னுமாக ஐந்து ஸ்பீக்கர், கனத்த சத்தத்துக்கென்று தனியாக ஒரு சப்ஊஃபர். படத்துக்குப் பிரமாதம். அதிலேயே நாதஸ்வரம் போட்டார், தொப்பியில் விழும் எல்லா அடியும் சப்ஊஃபரில் ஒரே 'தொம்' ஆகிவிட்டது. பின்னாலிருந்தும் மேளம் கேட்கிறது! முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து எவன் வாசிக்கிறான்? ரிமோட்டில், முன்னால் இடமும் வலமுமாக இரண்டு ஸ்பீக்கர் பாடும் ஸ்டீரியோவுக்கு மாற்றி, சப்ஊஃபரைக் குறைக்கச் சொன்னேன். பாதிக் குறை தீர்ந்தது. சவுண்ட்பார் டிவி செய்திக்குப் போதும். கச்சேரி மேடை முழுவதும் அந்த ஒற்றைப் பெட்டிக்குள் ஒடுங்கிவிடுகிறது.

என்னிடம் இருப்பது பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கர்களும்தான். நாதஸ்வரம் ஒரு பக்கம், தவில் ஒரு பக்கம் என்று இடம் தெரிகிறது. ஸ்பீக்கர்களை மூலையில் ஒட்டி வைத்தால் பேஸ் என்கிற கனத்த சத்தம் வீங்கும். சுவரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அதே தூரத்தில் நாமும் உட்கார வேண்டும். அப்புறம் அறை. இப்போது கட்டுகிற வீடுகளில் டைல்ஸ் தரையும் வெறும் சுவரும்தான். கை தட்டினாலே கணகணவென்கிறது. தரையில் ஜமுக்காளம், ஜன்னலுக்குக் கனமான திரை, முடிந்தால் ஒரு புத்தக அலமாரி. ஆம்ப்ளிஃபயரை மாற்றுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

வாட்ஸ் கணக்கை நம்பி ஏமாற வேண்டாம். 50 வாட்ஸை 100 ஆக்கினால் கூடுவது, சத்தத்தை அளக்கும் டெசிபல் கணக்கில், 3 டெசிபல்தான். காதுக்கு இரட்டிப்புச் சத்தமாகத் தெரிய ஏறத்தாழ பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். நிஜத் தவிலின் சத்தம் அப்படியே ஹாலில் வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் சும்மா இருக்க மாட்டார், அது வேறு விஷயம்.

டவுன்ஹால் ரோடு பக்கம் செட் வாங்கப் போகிறவர்கள், கடைக்காரர் போடும் குத்துப்பாட்டை மட்டும் கேட்டு மயங்காதீர்கள். தம்புரா சுருதியோடு ஒரு குரல், மேளம் மட்டும் தனியாக வாசிக்கும் ஒரு தனி ஆவர்த்தனம், இரண்டையும் கையோடு கொண்டுபோய்ப் போடச் சொல்லுங்கள். புளூடூத்தில் வேண்டாம், ஒயர் போட்டே கேளுங்கள்.

அடுத்த முறை இப்படி ஒரு கட்டுரை போட்டால், செட்டுக்குப் பக்கத்தில் ஒரு தவிலையும் வாசித்துக் காட்டி ஒப்பிடச் சொல்லுங்கள். நானே வருகிறேன். முகூர்த்த நாளாக மட்டும் வைத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தவில்காரர் ஒருவர்,
தெப்பக்குளம், மதுரை.