எங்கள் கரையில் ஆள் இருக்கிறோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரிய பெரிய இடங்களில் துணியால் கலை செய்த கிறிஸ்டோ, ஜான் கிளாட் தம்பதியைப் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையை ஆசையாகத்தான் படித்தேன். 1969-இல் சிட்னி பக்கத்தில் 2.4 கிலோமீட்டர் பாறைக்கரையைத் துணியால் போர்த்தியதை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். கடைசிப் பத்தியில்தான் மனசு விட்டுப்போனது. தனுஷ்கோடிக் கோடியில் ஆளில்லாமல் கிடக்கும் அரிச்சல்முனையில் இப்படி ஒன்று செய்தால் என்ன என்று கேட்டிருக்கிறார் கட்டுரையாளர்.

அப்படியானால் அதன் பக்கத்தில் கம்பிப்பாட்டில் இருக்கிற நாங்கள் யார், ஐயா? 1964 புயலுக்குப் பிறகு இது வாழத் தகுதியில்லாத இடம் என்று சொல்லிவிட்டார்கள். அதைச் சொல்லியே கரண்டும் தண்ணீரும் இல்லாமல் எத்தனை வருஷம் விட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மணலைத் தோண்டி, ஊற்றுத் தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு குடித்து இங்கேயேதான் இருக்கிறோம். 2017-இல் ரோடு வந்தது. அப்புறம் வண்டி வண்டியாக ஆட்கள் வந்தார்கள், குப்பையும் வந்தது. அள்ளத்தான் யாரும் வரவில்லை.

ஒருமுறை விளம்பரப் படம் எடுக்க வந்தவர்கள் மூங்கில் நட்டு, கலர் துணி கட்டினார்கள். வேலை முடிந்ததும் நைலான் கயிற்றையும் கம்பியையும் அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். காற்று அதைக் கடலுக்குள் தள்ளியது. எங்கள் கரைவலை அதில் மாட்டி, கரைக்கு வரும் நேரத்தில் மீன் சேரும் மடி கிழிந்தது. இரண்டு பக்கமும் ஆணும் பெண்ணுமாக இழுத்துக் கொண்டுவந்த சூடை மீன் கண் முன்னாலேயே போய்விட்டது. கிழிசலை உட்கார்ந்து பின்னியவள் நான். நஷ்டத்தை யாரிடம் கேட்பது?

இதே கலைஞர்களைப் பற்றி என் மகள் தேடிப் படித்துச் சொன்னாள். 1976-இல் கலிபோர்னியாவில் 39 கிலோமீட்டருக்குத் துணி வேலி கட்ட 59 பண்ணைக்காரர்களிடம் சம்மதம் வாங்கினார்களாம். மக்கள் கருத்தைக் கேட்க 18 பொது விசாரணைகள், 450 பக்கச் சுற்றுச்சூழல் அறிக்கை. வேலி நின்றதோ 14 நாள். 1983-இல் மயாமி தீவுகளைச் சுற்றித் துணி விரிக்கும் முன் அங்கிருந்து 40 டன் குப்பையை அள்ளினார்களாம். துணியின் நீள அகலம் எழுதியவருக்கு இது ஏன் எழுதத் தோன்றவில்லை? தை முதல் பங்குனி வரை ஆமை ஏறி முட்டையிடும் மணல் இது. இங்கே மட்டும் யாரையும் கேட்க வேண்டாமா?

அடுத்த இதழில் அந்த விசாரணைகளைப் பற்றி நாலு வரி போடுங்கள். அரிச்சல்முனைப் பக்கம் ஆள் இருக்கிறார்கள் என்று ஒரு வரி திருத்தமும் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
கரைவலைக்காரர் வீட்டு வாசகி,
கம்பிப்பாடு, தனுஷ்கோடி.