தூக்கம் வந்தால் தூங்கிவிடு

சே. ம. சூ.

அன்புள்ள மகளுக்கு,

நீ புறப்பட்டுப் போய்ப் பதினோரு நாள் ஆகிறது. பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாய் என்று தம்பிதான் சொன்னான். எனக்கும் ஒரு வார்த்தை அனுப்பியிருக்கலாம். சரி, போனதுமே டியூட்டி இருந்திருக்கும். இங்கே எல்லாரும் நலம். அத்தைக்கு முழங்கால் வலி பழையபடிதான். நீ இருந்த மூன்று நாளும் சொட்டிக்கொண்டிருந்த குளியலறைக் குழாயைப் பார்க்க ஆள் வருவதாகச் சொல்லியிருக்கிறார், இன்னும் வரவில்லை.

அம்மாவின் நினைவுப் பூசைக்கு நீ லீவு போட்டு வந்தது எனக்குப் பெரிய சந்தோஷம். வெளியே வந்ததும் இரண்டு மூன்று பேர் என்னிடம், "நர்ஸாக இருக்கிற மகள் இவள்தானே?" என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லும்போது என் குரலே கொஞ்சம் உயர்ந்துவிட்டது. நீ அதைக் கவனித்திருக்க மாட்டாய். வண்டிக்குப் பக்கத்தில் போனைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

பூசையில் எல்லாரும் நன்மை, அந்த நற்கருணை அப்பம், வாங்க எழுந்து போனபோது நீ இருந்த இடத்திலேயே இருந்தாய். நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. நன்மைக்கு முன்னால் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது, வந்த அவசரத்தில் எதையாவது வாயில் போட்டிருப்பாள், அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அத்தை கேட்டபோதும் அதையே சொன்னேன். பாதியையாவது நம்பியிருப்பாள்.

நான் எழுத உட்கார்ந்தது அதற்காக அல்ல. செபத்தைப் பற்றி ஒன்றிரண்டு சொல்லலாம் என்றுதான். நீ முகம் சுளிப்பது தெரிகிறது. கொஞ்சம் பொறு.

படுக்கப் போகுமுன் ஐந்து நிமிடம் போதும். உனக்கு ராத்திரி என்பது காலை எட்டு மணியாக இருந்தாலும் சரி. அன்றைக்குக் கிடைத்த ஒரு நல்லதற்கு நன்றி சொல். பிறகு டியூட்டிக்குப் போனதிலிருந்து நடந்ததை ஆண்டவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒருமுறை திரும்பிப் பார். எங்கே தவறினோம் என்று பட்டால் மன்னிப்புக் கேள். நாளைக்கு வேண்டியதை ஒரு வரியில் கேள். அவ்வளவுதான் ஆன்ம சோதனை. ஏதோ கணக்குத் தணிக்கை மாதிரி நமக்குப் பழக்கிவிட்டார்கள், எத்தனை பொய், எத்தனை கோபம் என்று. சேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் சொன்னது அது மட்டுமல்ல. அவர் போர் வீரராக இருந்தவர். 1521இல் பாம்பலோனாவில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைந்து படுக்கையில் கிடந்தார். பொழுதுபோக்க வீரக் கதைகள் கேட்டார். அந்த வீட்டில் இருந்ததோ இயேசுவின் வரலாறும் புனிதர்களின் வரலாறும்தான். படுத்துக்கொண்டே கனவு கண்டார். சண்டையும் புகழும் பற்றிய கனவு அப்போதைக்கு இனித்தது, முடிந்ததும் மனம் வறண்டுபோனது. புனிதர்களைப் போல் வாழலாமா என்று நினைத்தபோதும் இனித்தது, அந்த இனிப்பு நினைத்து முடித்த பிறகும் தங்கியிருந்தது. இந்த வித்தியாசத்தைக் கவனித்ததுதான் அவர் செய்தது. நீயும் அதைச் செய்தால் போதும். இன்றைக்கு எது என்னை வறட்டியது, எது ஈரமாக்கியது என்று பார்.

பாதியில் தூக்கம் வந்தால் தூங்கிவிடு. குற்றமே இல்லை.

நேரமில்லை என்று சொல்வாய். பாரிஸில் ஒரு கார்மேல் மடத்துச் சமையலறையில் வேலை பார்த்த சகோதரர் லாரன்ஸ் என்று ஒருவர் இருந்தார், 1691இல் இறந்தார். பாத்திரச் சத்தத்துக்கு நடுவிலும் நற்கருணைக்கு முன் முழந்தாளிட்டிருப்பது போலவே ஆண்டவரோடு இருக்க முடிந்தது அவருக்கு. நீ ஊசி போடும்போதும் படுக்கை மாற்றும்போதும் மனதுக்குள் ஒரு சொல் சொல்லலாம். அந்த வேலையைவிடச் செபத்துக்குப் பக்கத்தில் இருக்கிற வேலை எது?

செபமாலை சொல் என்று நான் வற்புறுத்தவில்லை. ஒரே சொல்லை ஐம்பத்து மூன்று தடவை சொன்னால் மாதாவுக்குக் காது வலிக்காதா என்று சின்ன வயதில் கேட்டாய், அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அவளும் பிடிவாதக்காரிதானே. 2002இல் பாப்பரசர் இரண்டாம் ஜான் பால் செபமாலையில் நாம் தியானிக்கும் நிகழ்ச்சிகளோடு ஒளியின் மறைபொருள்கள் என்று ஐந்தைச் சேர்த்து வியாழக்கிழமைக்கு வைத்த பிறகும், அவள் கடைசிவரை வியாழன் என்றால் பழையபடி சந்தோஷ தேவ இரகசியம்தான் சொன்னாள். "புதுசை நீங்கள் சொல்லுங்கள், எனக்குப் பழசு போதும்" என்பாள். செபமாலையில் ஒரு பத்து மணி மட்டும் உருட்டிச் சொன்னாலும் செபம்தான். பாதியில் நின்றாலும் செபம்தான்.

கோபமாக இருந்தால் கோபத்தையே சொல். 88ஆம் திருப்பாடலை எடுத்து வாசி. மற்றப் பாடல்கள் எவ்வளவு அழுதாலும் பெரும்பாலும் கடைசியில் ஒரு ஆறுதலுக்கு வந்துவிடும். இது வருவதில்லை, இருட்டிலேயே முடிந்துவிடுகிறது. அதைத்தான் திருச்சபை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் படுக்கப் போகுமுன் சொல்லும் செபத்தில் வைத்திருக்கிறது. ஆகவே உன்னிடம் எது இருந்தாலும், எதுவுமே இல்லாவிட்டாலும், அவர் முன்னால் ஐந்து நிமிடம் உட்கார். தூக்கம் வந்தால்

இதை மூன்றாவது தடவை எழுதப் போகிறேன் என்று இப்போதுதான் பார்த்தேன். முதல் இரண்டும் உனக்கு உறுத்தியிருக்கும். உறுத்தாமல் எப்படி இருக்கும்?

அந்தச் செவ்வாய்க்கிழமை ராத்திரியை நான் மறக்கவில்லை, மகளே. நீ மறந்திருப்பாய் என்று பதினான்கு வருடமாக நினைக்க முயன்றேன். உனக்கு அப்போது பதின்மூன்று வயது. அதற்கு முந்தைய இரண்டு ராத்திரியும் அம்மா பக்கத்தில் நீதான் விழித்திருந்தாய். அன்று துயர மறைபொருள். நான்காவது பத்து மணியில் சுவரில் சாய்ந்து தூங்கிப்போனாய், செபமாலை கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. வெள்ளிக்கிழமை விடியலில் அம்மா போய்விட்டாள். அன்று மதியம், அத்தை நிற்கும்போதே நான் உன்னைப் பார்த்துச் சொன்னேன்: "ஐம்பத்து மூன்று செபமாலை மணி முழித்திருந்து சொல்ல முடியவில்லையே உன்னால்."

நீ ஒன்றும் சொல்லவில்லை. அழவும் இல்லை. அதற்குப் பிறகு வீட்டுச் செபத்தில் ஒருநாளும் தூங்கவில்லை, ஒருநாளும் குரல் கொடுத்துச் சொல்லவும் இல்லை. ராத்திரி முழுக்க விழித்திருக்கிற வேலையை ஏன் தேடிக்கொண்டாய் என்று நான் உன்னிடம் கேட்டதே இல்லை. பயம்தான்.

துயர மறைபொருளில் முதலாவது என்ன? தோட்டத்தில் இயேசு இரத்த வியர்வை வியர்த்தது. அவர் எழுந்து வந்து பார்த்தபோது சீடர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஏன் தூங்கினார்கள் என்று லூக்கா எழுதுகிறார், துயரத்தால் என்று. அதை அன்று ராத்திரி என் வாயாலேயே சொல்லித் தொடங்கியவன் நான். மூன்றாம் நாள் உன்மேல் பழியைப் போட்டேன். இன்னொன்றும் சொல்கிறேன். நீ தூங்கியபோது நானும் செபிக்கவில்லை. வாய் சொல்லிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். இவள் போய்விட்டால் இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று மனம் எங்கோ ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பயத்தை உன் தலையில் இறக்கிவைத்தேன். ஒரு குழந்தை தூங்கியதற்காகத் தாயை எடுத்துக்கொள்கிற கடவுள் இல்லை. அப்படி ஒரு கடவுளை உனக்குக் காட்டியது நான். நீ அவரை வேண்டாம் என்று வைத்திருந்தால், நான் காட்டியவரைத்தான் வேண்டாம் என்கிறாய்.

புனித குழந்தை தெரசம்மாளுக்கும் நான்கு வயதில் தாய் போய்விட்டாள். மடத்துக்குப் போன பிறகு செப நேரத்தில் தூங்கிப்போவாளாம், ஒருநாள் இரண்டுநாள் அல்ல, ஏழு வருடம். அதற்காக அவள் கலங்கவில்லை. பிள்ளைகள் விழித்திருந்தாலும் தூங்கினாலும் பெற்றவர்களுக்கு ஒரே பிரியம்தானே என்று எழுதிவைத்தாள். அதை நான் படித்தது நான்கு வருடத்துக்கு முன்னால். புத்தகத்தை மூடிவிட்டேன். அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். சாமியார் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, காணிக்கையைப் பீடத்தின் முன்னால் வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானம் செய்துகொள் என்று மத்தேயுவில் வருகிறதே, அதைச் சொன்னார். "மகளிடம் பேசினீர்களா?" என்று கேட்டார். பேசுகிறேன் என்றேன்.

நான்கு வருடம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வரிசையில் போய் நின்று கை நீட்டினேன். அன்றைக்கு எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்க வேண்டியவன் நான்தான், நீ இல்லை.

என்னை மன்னித்துவிடு என்று போனில் சொல்ல எனக்கு வரவில்லை, அதனால் எழுதுகிறேன். மன்னித்துவிடு அம்மா. பதில் எழுதவேண்டும் என்றில்லை. அத்தையிடமும் சொல்லப் போகிறேன், அவள் முன்னால்தானே அதைச் சொன்னேன்.

பச்சை மணி செபமாலையை உன் பையில் யாருக்கும் தெரியாமல் வைக்கலாம் என்று எடுத்தேன். வைக்கவில்லை. நீலப் பெட்டியில் அம்மாவின் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான்காவது பத்து மணியில் கம்பி கொஞ்சம் விட்டிருக்கிறது, நான் சரிசெய்யக் கொடுக்கவில்லை. உனக்கு வேண்டுமென்றால் சொல்.

தம்பி மாதக் கடைசியில் வருவான்.

இப்படிக்கு,
அப்பா

பின்குறிப்பு: குழாய் ஆள் வந்துவிட்டார். வாஷர்தான் தேய்ந்திருந்தது. இப்போது சொட்டுவதில்லை.