மஸ்கோவி வாத்து விதியைத் திருத்தி எழுதக் கோரி ஒரு திறந்த மடல்

பெறுநர்: இடம்பெயர் பறவைகள் பிரிவு, அமெரிக்க மீன் மற்றும் வனவிலங்குத் துறை

மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு வணக்கம்.

இம்மடலின் ஆங்கில வடிவத்தை உங்கள் அலுவலகத்துக்குத் தனியே அனுப்பியிருக்கிறேன். தமிழிலும் எழுதுவதற்குக் காரணம், ஊரில் வாத்து வளர்த்த பழக்கத்தில் இங்கும் கொல்லையில் நாலு வாத்து விட்டிருக்கும் நம்மவர்களுக்கு, மஸ்கோவி வாத்தை உணவாக விற்பதற்கு அன்றி வளர்க்கக் கூடாது என்று இந்நாட்டில் ஒரு விதி இருப்பதே தெரியாது என்பதுதான். ஃபுளோரிடாவுக்குக் குடிவந்து மூன்றாண்டுகள் கழியும்வரை எனக்கும் தெரியாது.

2010 மார்ச் 1 அன்று நீங்கள் வெளியிட்டு, அம்மாதம் 31 முதல் நடைமுறைக்கு வந்த விதியின் வழியாக, மஸ்கோவி வாத்து 1918-ஆம் ஆண்டின் இடம்பெயர் பறவைகள் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்தது. பறவைகளைக் காக்க மெக்சிகோவோடு 1936-இல் செய்துகொண்ட உடன்படிக்கை வாத்துக் குடும்பம் முழுவதையும் உள்ளடக்கியது. மெக்சிகோ முதல் அர்ஜென்டினா வரை இயல்பாக வாழும் இந்தப் பறவை தானாகவே ரியோ கிராண்டே ஆற்றைத் தாண்டி டெக்சாஸின் ஹிடால்கோ, ஸ்டார், ஸபாட்டா ஆகிய மூன்று மாவட்டங்களுக்கு வந்துவிட்டது. ஆகவே அங்கே அதைக் காப்பது உங்கள் கடமை. இந்த நியாயத்தோடு எனக்கு எந்தப் பிணக்கும் இல்லை. பச்சை மினுங்கும் கறுப்பு உடலும் சிறகில் வெள்ளைப் பட்டையுமாக அந்தக் காட்டு வாத்து பறந்து போவதை ஒரு நொடி பார்ப்பதற்காகச் ரியோ கிராண்டேயின் சாலினேனோ கரையில் விடியலுக்கு முன்பே காத்திருப்பவர்களை நான் அறிவேன்.

என் பிணக்கெல்லாம், அந்தக் காட்டுப் பறவைக்காகப் பிறந்த விதி வீட்டுப் பறவையின் கழுத்தைச் சுற்றிக்கொண்ட விதத்தோடுதான். கொலம்பஸ் கப்பலேறுவதற்கு வெகுகாலம் முன்பே அமெரிக்கப் பழங்குடிகள் இதை வீட்டுப் பறவையாக்கிவிட்டார்கள். இன்று பண்ணைகளில் இருப்பவை வெள்ளை, சாக்லெட், நீலச்சாம்பல், புள்ளி எனப் பல நிறத்தவை; முகமெங்கும் சிவந்த மருக்கள் தடித்துக் கிடக்கும்; ஆண் வாத்து ஆறு கிலோவைக்கூட எட்டும். மற்ற வீட்டு வாத்துகள் எல்லாம் மல்லார்ட் என்ற காட்டு வாத்தின் வழிவந்தவை என்றால் இது தனி இனம். "குவாக்" என்று கத்தாது. ஆண் பாம்பு மாதிரி சீறும், பெட்டை மெல்ல முனகும். அக்கம்பக்கத்தார் தூக்கம் கெடாத ஒரே வாத்து இதுதான் என்பது, நெருக்கமான குடியிருப்பில் வாழ்பவர்களுக்குச் சிறிய விஷயம் அல்ல. ஈயையும் பூச்சியையும் பொறுக்குவதில் இதற்கு இணை கிடையாது. கனடாவின் ஆண்டாரியோவில் மாட்டுப் பண்ணை ஈக்களைக் கட்டுப்படுத்த இதைப் பயன்படுத்திப் பார்த்த ஆய்வு 1990-இலேயே வெளிவந்தது.

இனி உங்கள் வாசகத்துக்கு வருகிறேன். உணவாக விற்பதற்கு வளர்ப்பது தவிர, உயிருள்ள மஸ்கோவி வாத்தையோ அதன் முட்டையையோ ஒருவர் பெறவும் வைத்திருக்கவும் கூடாது என்கிறது அது. 2010 மார்ச் 31-க்கு முன் முறையாக வாங்கியதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் உணவுக்கு அல்லாமல் இனப்பெருக்கம் செய்யக் கூடாது. சொல்லுக்குச் சொல் படித்தால், தன் வாத்தின் முட்டையைத் தானே பொரித்துத் தின்கிறவர்கூட இந்த உணவு விலக்குக்குள் அடங்கமாட்டார். ஏனென்றால் அவர் விற்கவில்லை. 2010-க்கு முன் வாங்கியதற்கான விலக்குக்கு உரிய வாத்து எதுவும் இன்று உயிரோடு இருந்தால் அதற்கு 15 வயது தாண்டியிருக்கும். அத்தனை வயது வாழும் கொல்லைப்புற வாத்து அபூர்வம். எதிர்ப்பு எழுந்ததும் விதியைத் திருத்தப்போவதாகவும், அதுவரை வளர்ப்பவர்கள் மீது அதைச் செயல்படுத்தவில்லை என்றும் சொன்னீர்கள். அந்தப் பெருந்தன்மைக்கு நன்றி. ஆனால் ஏட்டில் குற்றமாகவும் நடப்பில் கண்டுகொள்ளாமலும் இருக்கும் ஒரு காரியத்தை எவரும் நிம்மதியாகச் செய்ய முடியாது. குஞ்சுப் பண்ணைகள் ஒரு நாள் குஞ்சுகளை அட்டைப் பெட்டியில் அடைத்து அஞ்சலில் அனுப்பிக்கொண்டுதான் இருக்கின்றன. (அஞ்சல் துறை குஞ்சுகளை ஏற்கத் தொடங்கியதும் அதே 1918-இல்தான்.)

எங்கள் குடியிருப்பின் மழைநீர்க் குளத்துக்கு வாருங்கள். விதி எதைத் தவறவிட்டது என்று அங்கே கண்ணால் பார்க்கலாம். ஈஸ்டருக்குப் பிள்ளைகள் கேட்டார்கள் என்று யாரோ வாங்கிய குஞ்சுகள், ஆளான பின் அந்தக் குளத்தில் விடப்பட்டன. பெட்டை ஒரு ஈட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை இடும். வெயில் ஊரில் ஆண்டுக்கு ஒரு முறையோடு நிற்காது. இப்போது கார் நிறுத்துமிடம் முழுக்க எச்சம். கார்களின் பளபளப்பில் தன் நிழலைக் கண்டு ஆண் வாத்துகள் அலகால் கொத்துகின்றன. ரொட்டித் துண்டு போடுகிறவர்களுக்கும் அதைத் தடுக்கிறவர்களுக்கும் வாரம் தவறாமல் வாக்குவாதம். இத்தனைக்கும் காரணம், ஒருவர் வாத்து வளர்த்தது அல்ல. வளர்த்ததைக் குளத்தில் விட்டது. வெளியே விடக் கூடாது என்று உங்கள் விதியும் சொல்கிறது என்றாலும், அது வாசகத்தின் கடைக்கோடியில் ஒதுங்கியிருக்கிறது. எதற்காக வளர்க்கிறாய் என்ற கேள்வியே முன்னால் நிற்கிறது.

சென்ற ஆண்டு குடியிருப்போர் சங்கம் ஒரு ஒப்பந்தக்காரரை வைத்து அந்த வாத்துகளைப் பிடித்தது. அந்த மூன்று மாவட்டங்களுக்கு வெளியே மத்திய அனுமதி இல்லாமலே இவற்றை அகற்றவும் முட்டையை அழிக்கவும் நீங்கள் இடம் தந்திருப்பதால், அதில் சட்டக்குறை எதுவும் இல்லை. வேலி இடுக்கு வழியாக நழுவி வெளியே போயிருந்த என் வெள்ளைப் பெட்டையும் அன்று வலையில் விழுந்தது. ஓடிப் போய்க் கேட்டேன். கூண்டிலே எட்டு வெள்ளை வாத்துகள் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கியடித்து நின்றன. "உங்களுடையது எது என்று காட்டுங்கள், எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார் அவர், மரியாதையாகத்தான். என்னால் காட்ட முடியவில்லை. தீவனக் கிண்ணத்தைத் தட்டிய பிறகே ஒன்று மட்டும் தலையை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு கம்பியோரம் வந்தது.

மற்ற வளர்ப்பு நீர்ப்பறவைகளுக்கு நீங்கள் எப்போதோ வழி சொல்லிவிட்டீர்கள். ஆறு வாரம் ஆவதற்குள் காலில் இணைப்பில்லாத உலோக வளையம், அல்லது கால் சவ்வில் பச்சை குத்துதல் என ஏதேனும் ஓர் அடையாளம் வேண்டும் என்பது அவற்றுக்கான விதி. அதையே மஸ்கோவிக்கும் நீட்டுங்கள் என்பதே என் வேண்டுகோள். அடையாளமிட்டு, வேலிக்குள் வளர்த்து, வெளியே விடாதவர் அதை முட்டைக்கு வளர்த்தாலும் ஈ பிடிக்க வளர்த்தாலும் அழகுக்கு வளர்த்தாலும் குற்றமில்லை என்று எழுதுங்கள். அடையாளமில்லாமல் குளத்தில் திரிவதை இப்போது போலவே அகற்றலாம். அடையாளத்தோடு திரிவது பிடிபட்டால் உரிமையாளரை முதன்முறை எச்சரித்து, அடுத்த முறை அபராதம் வாங்குங்கள், நானே கட்டுவேன். மூன்று டெக்சாஸ் மாவட்டங்களில் மட்டும், காட்டு இனத்தோடு கலந்துவிடும் அபாயம் இருப்பதால், வளர்ப்புக்கு முற்றான தடை வைத்தாலும் ஆட்சேபிக்க மாட்டேன். வளையம் போடுவது எளிதல்ல என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்: ஆண் வாத்தின் கால் பெட்டையின் காலைவிடத் தடிக்கும், குஞ்சாக இருக்கும்போது எது ஆண் என்று பார்வையில் எளிதில் தெரியாது. அதனால்தான் சவ்வில் பச்சை குத்துவதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

கடைசியாக ஒரு கேள்வி. வலையிலிருந்து மீண்ட அந்தப் பெட்டை, கொல்லையில் தன் நெஞ்சுத் தூவியைப் பிய்த்து மெத்தையிட்டு, ஒன்பது முட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இந்த இனம் 35 நாள் அடைகாக்கும். இன்று 21-ஆம் நாள். மீதி 14 நாளில் குஞ்சு பொரித்தால், விற்கும் எண்ணமில்லாத நான் அவற்றைச் சட்டப்படி என்ன செய்ய வேண்டும் என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஃபுளோரிடாவில் வாத்து வளர்க்கும் ஒரு தமிழர்